எவளுக்கும் அரிக்கவில்லை

“நாய்ங்களுக்குப் போடுற அந்த ஊசியை எங்கம்மாவுக்கும் போடணும், சார்.”

கேட்டேவிட்டாள் யசோதரா. எதைக் கேட்கவே கூடாது என்று சொல்லி வேலைக்கு எடுத்தார்களோ, அதை. சேர்ந்த அன்று, புதிதாக வந்த கால்நடை மருத்துவர்களை உட்காரவைத்து ஆய்வுக்கூடத் தலைவர் நீலகண்டன் சொன்ன முதல் விஷயமே அதுதான். இங்கே செய்கிற மருந்து நாய்களுக்கு. எனக்கு வேணும், வீட்டில் இருக்கிறவங்களுக்கு வேணும் என்று எவரும் என் முன்னால் வந்து நிற்கக் கூடாது. சொல்லும்போது அவர் பார்வை யசோதராவின் மேல்தான் இருந்தது. அவளுக்கு அதில் ஆச்சரியமில்லை. பள்ளிக்கூடத்திலிருந்தே, யார் ‘கூடாது’ என்று சொன்னாலும் தன்னைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றும். பாதி நேரம் அது உண்மையாகவும் இருக்கும்.

இப்போது கத்துவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். திருப்பிக் கத்துவதற்கான வார்த்தைகள் தொண்டையில் தயாராக இருந்தன.

நீலகண்டன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “கதவைச் சாத்திட்டு வந்து உக்காரும்மா.”

அந்த அறையில் அவர் அவளை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

“அம்மா டேனரியிலயா?”

“ஆமாம் சார். குரோம் டிரம்முல. கை ரெண்டும் முழங்கை வரைக்கும் போயிடுச்சு. ஒழுங்காத் தூங்கி வருஷக்கணக்காச்சு. சீப்பு, தேங்கா ஓடு, சுவத்து முனை, எது கெடைச்சாலும் போட்டுத் தேய்க்கிறாங்க. நம்ம நாய்ங்க எல்லாம் நல்லாத் தூங்குது. எங்கம்மா நாயைவிடக் கேவலமா சார்?”

“யாரும்மா அப்படிச் சொன்னா?” அவர் குரலில் கோபமே இல்லை. “அம்மாகூட எத்தனை பொம்பளைங்க வேலை செய்யறாங்க?”

அந்தக் கேள்வி எதற்கு என்று அவள் யோசிக்கவில்லை. சண்டைக்கு வந்தவளுக்குச் சண்டை கிடைக்காமல் போன தடுமாற்றத்தில் இருந்தாள்.

தங்கள் மண்ணில் தோல் பதனிடக் கூடாது என்று உலகத்து நாடுகள் ஒவ்வொன்றாகச் சட்டம் போட்டுக்கொண்ட பிறகு, அத்தனை மாட்டுத் தோலும் கப்பலேறி வந்து பாலாற்றங்கரையில் இறங்கின. செருப்பு மட்டும் எல்லா நாட்டுக்கும் வேண்டியிருந்தது. இயந்திரக் கைகள் வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனால் இந்த ஊர்ப் பெண்களின் கைகள் அவற்றைவிட மலிவு. யசோதராவின் அம்மா பச்சையம்மாள் அப்படி ஒரு ஜோடி மலிவான கைகளோடு டிரம்மிலிருந்து, குரோமில் ஊறி நீலமான தோலை இழுத்துப் போட்டே மகளை டாக்டராக்கினாள். நாய் டாக்டர்தான். இருந்தாலும் அந்தத் தெருவில் பெயருக்கு முன்னால் எழுத்துப் போட்டுக்கொண்ட முதல் ஆள் யசோதராதான்.

கையுறை கொடுப்பார்கள். அது கிழியும். வேறு கேட்டால் மேஸ்திரி ஏகாம்பரம், “போன தடவ குடுத்தத துன்னுட்டியா?” என்பான். பதனிடப் போடும் குரோம் உப்பு கைத்தோலுக்குள் இறங்கி அலர்ஜியாகி, கொப்புளமாகி, வெடித்து, அரிக்கும். அந்த அரிப்புக்கு அந்தப் பெண்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒருத்திக்குத் தாங்க முடியாமல் போனால், “நவநீதம், என் டிரம்மப் பாத்துக்கடி, நான் கொழாயாண்ட போறேன்” என்று குரல் கொடுப்பாள். பக்கத்திலிருப்பவள் ஏன் என்று கேட்கமாட்டாள், மறுக்கவும் மாட்டாள். மேஸ்திரியும் தடுக்கமாட்டான். இரக்கம் ஒன்றுமில்லை, அரிக்கிற கை சும்மா இருக்காது, நகம் பட்டால் ஈரத் தோலில் கீறல் விழும், கீறல் விழுந்த தோலைக் கப்பலில் ஏற்றமாட்டார்கள்.

குழாயடிக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, முழங்கை வரை கழுவி, டப்பாவிலிருந்து தேங்காயெண்ணெயைத் தடவிக்கொண்டு கொஞ்சம் நிற்பார்கள். ஒருத்தி போனால் பின்னாலேயே இன்னொருத்திக்கும் அரிக்கும். கல்யாணம் பேசியது, மருமகளைத் திட்டியது, பக்கத்து டேனரியில் முழங்கை வரை வருகிற கையுறை வாங்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, “நம்மளும் சேந்து நின்னு கேட்டா இன்னா?” என்று நவநீதம் முதலில் வாயெடுத்தது, எல்லாம் அங்கேதான்.

யசோதராவுக்கும் அந்தக் குழாயடி தெரியும். பிளஸ் டூ பரீட்சை முடிந்த விடுமுறையில், அம்மா சொல்லச் சொல்லக் கேட்காமல் டிரம்முக்கு வேலைக்குப் போனாள். லீவு முடிவதற்குள் மணிக்கட்டிலிருந்து அரிப்பு ஏறியது. பச்சையம்மாள் அவள் கையைப் பார்த்துவிட்டு எல்லார் எதிரிலும் முதுகில் ஒன்று வைத்தாள். “இனிமே இந்த வாசப்படிய நீ மிதிச்ச, நான் பொணமாத்தான் ஊட்டுக்கு வருவேன்.”

அவள் ஊசி கேட்பதற்குச் சில மாதம் முன்பு, ஆய்வுக்கூடத்துக்குச் சுண்டல் என்ற நாயைக் கொண்டுவந்தபோது அது நாய் மாதிரியே இல்லை. அக்குளிலும் வயிற்றிலும் முடி கொட்டி, தோல் யானைத் தோலாகக் கறுத்து, காதைச் சொறிந்து சொறிந்து ரத்தம் காய்ந்திருந்தது. தூசுக்கும் புல்லுக்கும் ஆகாத உடம்பு. ஊசி போட்டார்கள். கழுத்தில் கட்டிய பட்டை, சொறிதலையும் நக்குதலையும் எண்ணித் திரைக்கு அனுப்பும். எண்ணிக்கை இறங்கி இறங்கிப் பூஜ்யத்தில் போய் நின்றது. கன்றுக்குட்டி மாதிரி முடி வளர்ந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் திரையைப் பார்த்துக் கை தட்டினார்கள்.

நாய்களைப் பராமரிக்கும் இம்தியாஸ் பாய் மட்டும் தட்டவில்லை. “மேடம், இது முன்னாடி உங்க கால்ல வந்து சாஞ்சுக்கும், பாத்தீங்களா? நீங்க வயித்துல சொறிஞ்சா பின்னங்கால் தாளம் போடும். இப்போ நிக்க வெச்ச எடத்துல நிக்குது. மூஞ்சில ஈ ஒக்காந்தாலும் தொரத்த மாட்டேங்குது.”

“நிம்மதியா இருக்கு பாய். அதுக்கு நிம்மதியா இருந்து பழக்கமில்ல, அதான் உங்களுக்கு வித்தியாசமாத் தெரியுது.”

“நிம்மதின்னா இப்படித்தான் இருக்குமா மேடம்? எங்க மாமனார் கடைசி ரெண்டு நாள் இப்படித்தான் இருந்தாரு.”

அவள் சிரித்துவிட்டுப் போனாள். அம்மாவின் கைதான் அவள் கண்ணுக்குள் நின்றது.

போடலாம் என்று அன்று சொன்ன வார்த்தையை நீலகண்டன் காப்பாற்றினார். ஒரு வண்டியும் ஒரு சாமியானாவும் டேனரி வாசலுக்கு வந்தன. தோல் நோய் முகாம் என்று பேனர். பச்சையம்மாளுக்கு மட்டுமல்ல, டிரம் பக்கம் வேலை செய்த அத்தனை பெண்களுக்கும். தன் ஒரு வாயால் இத்தனை பேருக்கு நல்லது நடக்கிறதே என்று யசோதராவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஊசியைத் தானே எடுத்து நிரப்பினாள்.

“இன்னாடி மருந்து இது? கஞ்சான்றாளுங்களே?” என்றாள் பச்சையம்மாள், சட்டைக் கையை மேலே தள்ளிக்கொண்டு.

“கஞ்சா இல்லம்மா. கஞ்சாவுல கீற சரக்கு போய் ஒக்கார்ற எடம் ஒண்ணு நம்ம ஒடம்புலயே கீது. தோல்ல, நரம்புல. அந்தச் செடிய வெச்சுத்தான் அத்தக் கண்டுபுடிச்சாங்க, அதனால கன்னாபினாய்டு ஏற்பின்னு பேரு. அரிப்ப அடக்குறதுக்கு ஒடம்பே கொஞ்சம் மருந்து செய்யும். அது வந்து அந்த எடத்துல ஒக்காந்தா அரிப்பு அடங்கும். எழுந்து பூடுச்சுன்னா திரும்ப அரிக்கும்.”

“பஸ் சீட்டு மாதிரி.”

“அதேதான். இந்த ஊசி இன்னா பண்ணும்னா, ஜன்னல் வழியா துண்டு போட்டு எடம் புடிச்சு ஒக்காந்துடும். டெப்போ வந்தாலும் எறங்காது.”

“நாய்ங்களுக்கும் அந்த சீட்டு கீதா?”

“கீது. தோல் அலர்ஜி வந்த நாய்ங்களுக்கு ஜாஸ்தியாவே கீது.”

“அப்ப நானும் நாயும் ஒரே பஸ்ஸு” என்று பச்சையம்மாள் வரிசையைத் திரும்பிப் பார்த்துச் சொல்ல, அத்தனை பெண்களும் சிரித்தார்கள். நவநீதம், “நீ முன்சீட்ல ஏறுக்கா, நாங்க பின்னாடி தொத்திக்கிறோம்” என்றாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் யசோதராவின் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள். பச்சையம்மாள் தூங்கினாள். வாயைத் திறந்துகொண்டு, குறட்டை விட்டு, சோறு ஆறிப் போவது தெரியாமல் தூங்கினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போய்க் கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு வந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் கைக்கு வளையல் ஏறியதே இல்லை. புண்மேல் எதைப் போடுவது? பச்சையும் சிவப்புமாக மாற்றி மாற்றி அடுக்கி, மகளின் காதருகே கொண்டுபோய்க் குலுக்கினாள். “கேட்டியா சத்தத்த?”

சாயங்காலத்தில் அம்மாவின் கைக்கு எண்ணெய் தடவிவிடுகிற வேலை யசோதராவுக்கு இல்லாமல் போனது. அதுவும் நல்லதுக்குத்தான் என்றுதான் அப்போது நினைத்தாள்.

“மேடம், கொஞ்சம் வாங்க. நாத்தம் அடிக்குது, எங்கேருந்துன்னு தெரியல.” இம்தியாஸ் பாய் வந்து நின்றபோது அவர் முகம் சரியாக இல்லை.

சுண்டல் எப்போதும் போல நின்றுகொண்டிருந்தது. நாலு காலையும் ஊன்றி, தலை நிமிர்ந்து, பளபளவென்று. அவர் அதன் முன்னங்காலைத் தூக்கிக் காட்டினார். விரல்களுக்கு நடுவே ஒரு குழி. குழிக்குள் வெள்ளையாக நெளிந்தது. இன்னும் உள்ளே, வெள்ளையாக நெளியாமல் இருந்தது எலும்பு. என்றைக்கோ ஒரு முள் ஏறியிருக்கிறது. நாய் நொண்டவில்லை, நக்கவில்லை, காலைத் தூக்கவுமில்லை. புழுவைச் சுமந்துகொண்டு தினமும் நடைபயிற்சிக்குப் போய்வந்திருக்கிறது. இடுக்கியால் அவள் ஒவ்வொன்றாக எடுத்தபோதும் அது எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“ஒரு சத்தம் போடேண்டா” என்றார் பாய் அதன் காதில். “கடிச்சாக்கூடப் பரவால்லடா.”

நீலகண்டன் இருந்த இடத்திலிருந்தே கேட்டார். “கழுத்துப் பட்டை என்ன காட்டுது?”

“பூஜ்யம் சார்.”

“அப்புறம் என்ன? காலை தினம் பாத்துக் கழுவணும்னு மருந்துப் பெட்டி மேல ஒரு வரி சேத்துடுவோம்.”

அந்த ஒரு வரியைக் கேட்டதும் டேனரிக் குழாயடி அவள் கண்ணில் வந்து நின்றது. கழுவணும். யார் கழுவுவது? எதற்காகக் கழுவுவது? வேலைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் பஸ் ஏறினாள்.

டேனரி வாசற்படியை மிதிக்கும்போது அம்மாவின் பழைய சாபம் நினைவுக்கு வந்தது. மிதித்தாள். நேரே குழாயடிக்குப் போனாள். குழாய் இல்லை. சுவரில் குழாய் இருந்த ஓட்டையைச் சிமெண்ட் வைத்து அடைத்திருந்தார்கள். தண்ணீர் ஓடிய இடத்தில் நீலத் தோல் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தது.

“எவளும் வர்றதே இல்ல” என்றான் ஏகாம்பரம், அவள் கேட்காமலேயே. “சொம்மா நிக்கிற கொழாய் எதுக்கு? உங்க ஊசி நல்ல ஊசிம்மா. வேல என்னா மாதிரி நடக்குது தெரியுமா!”

உள்ளே டிரம்கள் சுற்றிக்கொண்டிருந்தன. பெண்கள் வரிசையாகக் குனிந்து, நிமிர்ந்து, குனிந்து. முன்பெல்லாம் அந்தக் கூடத்தில் எப்போதும் ஒரு குரல் இருக்கும்; கூப்பிடுவதோ திட்டுவதோ. இப்போது டிரம் சத்தம் மட்டுமே கேட்டது. நவநீதத்தின் சேலை நுனி குரோம் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. அவள் எடுத்துச் செருகிக்கொள்ளவில்லை.

“எம்மா, கையக் காட்டு.”

“வேல நேரத்துல இன்னாடி? எதுக்கு இங்க வந்த?” பச்சையம்மாள் கையை நீட்டினாள்.

வளையல்கள் நீலம் பூசிக் கிடந்தன. பாதிதான் தெரிந்தன. மீதி உடைந்து, மணிக்கட்டைச் சுற்றி அச்சில் வார்த்த மாதிரி வட்ட வட்டமாக விழுந்திருந்த குழிகளுக்குள் கிடந்தன. சிவப்பு எது, சதை எது என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அம்மாவை வெளியே இழுத்துக்கொண்டுபோய் வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, கோட்டுப் பையில் இருந்த இடுக்கியால் கண்ணாடித் துண்டுகளை எடுத்தாள். காலையில் சுண்டலின் காலில் வைத்த அதே இடுக்கி, கழுவியதுதான். பச்சையம்மாள் பேசிக்கொண்டே இருந்தாள். நவநீதம் மகளுக்கு ஆம்பூரில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்களாம், பையனுக்குக் கொஞ்சம் வாய் ஜாஸ்தியாம். ஒரு நீளமான பச்சைத் துண்டு எலும்பை உரசிக்கொண்டு வெளியே வந்தது. “பையன் குள்ளமாம். இருந்துட்டுப் போவட்டும், இவளும் குள்ளம்தான்” என்றாள் பச்சையம்மாள்.

“எம்மா, வலிக்கலியா?”

“ஒண்ணுமே தெர்ல கண்ணு. நல்லாத்தான் கீது.”

“நல்லால்ல. வெசம் உள்ள போயிக்கினே கீது. அரிச்சப்பல்லாம் போய்க் கழுவுன, அதனால கை பொழச்சிக்கினு இருந்துச்சு. இப்போ கழுவறதே இல்ல. நீங்க எல்லாரும் நேரத்துக்கு எழுந்து போய்க் கழுவணும்.”

“அரிக்காம எப்டிடி போறது? மேஸ்திரி உடுவானா? அரிச்சாத்தான் உடுவான். எவளுக்கும் அரிக்கல. எவ கூப்புடுவா?”  மகளின் வேலைக்கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள். “யசோ, உன் கால்ல வேணா விழறேன். அந்த அரிப்ப மட்டும் திரும்பக் கேட்டு வாங்கியாந்துடாதடி. நான் தூங்கணும். கை போனாப் போவுது.”

யசோதரா அடுத்த துண்டைத் தேடி இடுக்கியை வைத்தாள்.

மறுபடி நீலகண்டன் முன்னால் அவள் நின்றது ஒரு வாரம் கழித்து. அந்த வாரம் முழுக்க அவள் ஆய்வுக்கூடத்துக்கு வரவில்லை. அவர் ஏன் என்று கேட்கவுமில்லை.

“மருந்தை வெளியே எடுக்க வழி இருக்கா சார்?”

“இல்லைம்மா. உனக்கே தெரியுமே, உக்காந்தா எழுந்திருக்காது. அந்தத் தோல் செல்லும் நரம்பும் இருக்கற வரைக்கும் இருக்கும். அதுதானே அதோட சிறப்பு.”

“மனுஷங்களுக்குப் போட அனுமதி இருந்துச்சா?”

“நாங்களாக் குடுத்தா தப்பு. குடும்பத்துல ஒருத்தர், அதுவும் படிச்சவர், புரிஞ்சு வந்து கேட்டா, கருணை அடிப்படையில குடுக்கலாம். நீ கேட்டே.” கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். கெட்டவர் மாதிரியே இல்லை. பேத்திக்குக் கதை சொல்கிறவர் மாதிரி இருந்தார். “வேற மூணு ஊர்லயும் அப்படித்தான் கேட்டாங்க. சாயப்பட்டறை, சிமெண்ட், மீன் பதப்படுத்தற எடம்.”

“கேக்கக் கூடாதுன்னுதானே சார் எல்லாருக்கும் சொன்னீங்க?”

“ஆமாம்.”

“அப்படிச் சொன்னா நான் கேப்பேன்னு...”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “நேர்காணல்லயே உன்னை எனக்கு ரொம்பப் பிடிச்சுதும்மா. மத்தவங்க எல்லாம் சொன்னதுக்குத் தலையாட்டினாங்க. நீ ஒருத்திதான் ஒவ்வொண்ணுக்கும் ஏன்னு கேட்டே. அம்மா என்ன வேலைன்னு அப்பவே சொன்னே.”

அவள் அம்மாவின் கை சோறு போட்டு வளர்த்த கோபம். பள்ளிக்கூடத்தில், விடுதியில், கல்லூரியில் அவளைத் தலை நிமிர்த்தி நிற்கவைத்த கோபம். அது ஒன்றுதான் தன் சொந்தச் சொத்து என்று அவள் நினைத்திருந்தாள். அதற்கும் ஒருவர் இடம் பார்த்துவைத்திருந்தார். கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தாள். கத்தலும் இவர் எதிர்பார்த்ததாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. மூடிக்கொண்டாள்.

“அம்மா தூங்கறாங்கதானே?” என்றார் அவர்.

“தூங்கறாங்க சார்.”

“பின்ன? புண்ணுக்கு வைத்தியம் நாங்க பாக்கறோம். நீ மேல்படிப்புக்கு ஜெர்மனி போ. நான் எழுதித் தரேன். உன்ன மாதிரிப் பொண்ணுங்க மேல வரணும்.” பேசிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். “கையில என்ன?”

அப்போதுதான் அவளும் கவனித்தாள். இடது கை நகங்கள் வலது மணிக்கட்டைச் சொறிந்துகொண்டிருந்தன. முழங்கை வரை செந்தடிப்பு. அங்கங்கே ஊசிமுனைக் கொப்புளம். நகக்கண்களில் சோப்புக்குப் போகாத நீலம்.

“நாலு நாளா டிரம்முல நிக்கிறேன் சார். நவநீதம் அக்காவுக்கும் எங்கம்மாவுக்கும் நடுவுல.”

எங்கேயோ ஒரு நாய் குரைத்தது. ஊசி போடாத கூண்டாக இருக்கும். 

டிரம் வேலையில் யசோதரா சேர்ந்த அன்று பச்சையம்மாள் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து சோறு போடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள், ஆனால் தூங்கிவிட்டாள். நேற்று மத்தியானம் யசோதராவின் நகம் பட்டு ஒரு முழுத் தோல் பாழானது. ஏகாம்பரம் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தான். “கொழாய் இருந்தா போய்க் கழுவிக்கினு வந்திருப்பேன், இல்லாங்காட்டி இன்னா பண்ணச் சொல்ற? அரிக்குதுய்யா” என்றாள். அவன் கத்திக்கொண்டே போய், குழாயடியில் அடுக்கிய தோலை நகர்த்தச் சொன்னான். இன்று காலையில் குழாய் வைக்கச் சிமெண்டைக் கொத்திக்கொண்டிருந்தார்கள்.

“பைத்தியமா நீ? படிச்ச பொண்ணு!” முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. பிறகு தானாகவே இறங்கியது. “சரி, கையைக் காட்டு. ஊசி இருக்கு. இப்பவே போட்டுடலாம். உனக்கு விண்ணப்பம், கையெழுத்துகூட வேண்டாம்.”

நான்கு இரவாக அவள் தூங்கியிருக்கவில்லை. எலும்பு வரைக்கும் அரித்தது. சுவர் முனையைக் கண்டால் போய்த் தேய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது. அம்மா இத்தனை வருஷம் எதைச் சுமந்தாள் என்று இப்போதுதான் தெரிந்தது. இன்னும் எத்தனை வருஷமோ. அவர் மேஜை இழுப்பறையைத் திறந்தபோது அவள் கை, அவளைக் கேட்காமலேயே, ஒரு விரற்கடை முன்னால் நகர்ந்தது.

அதைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“இருக்கட்டும் சார். மத்தியான ஷிப்டுக்கு நேரமாச்சு. அங்க அரிக்கிறவ நான் ஒருத்திதான். நான் போய்க் கூப்பிட்டாத்தான் அவங்க கொழாயாண்ட வருவாங்க.”

வேலைக்கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டாள். கதவைச் சாத்தாமல், சொறிந்துகொண்டே வெளியே நடந்தாள்.